பையும் பெல்ட்டும் சத்தம் போடாமல் இருக்க: சைக்கிள் டியூப் வளையம்

படைவீரர் பையும் பெல்ட்டும் மாட்டி நடக்கும்போது கடகடவென்று சத்தம் போடுவது பெரும்பாலும் தொங்கும் வார் நுனிகளும் உலோகக் கொக்கிகளும்தான். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடுகளை ஒட்டுநாடாவால் சுற்றியதும் இப்படிச் சத்தம் வராமல் இருக்கவே. நானும் முதலில் ஒட்டுநாடாதான் சுற்றினேன். வெயிலில் பசை இளகி வழிந்தது, மண் அப்பியது. அதன்பின் பழைய சைக்கிள் டியூபுக்கு மாறினேன்.

டியூபைக் கழுவிக் காயவைத்து, 2 செ.மீ. அகல வளையங்களாக வெட்டுங்கள். வால்வுப் பகுதியும் பஞ்சர் ஒட்டிய இடமும் வேண்டாம். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும்: விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் இழுக்கும்போது அங்கிருந்துதான் கிழியும். வார் நுனியை மூன்று மடிப்பாகச் சுருட்டி வளையத்துக்குள் செருகுங்கள். வெட்டிவிடாதீர்கள், குளிர்காலத்தில் தடித்த உடுப்பின்மேல் அந்த நீளம் தேவைப்படும்.

அவசரத்தில் கழற்றும் கொக்கிமேல் வளையம் போடவே கூடாது. துப்பாக்கி எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பித் தளரும், உடனே மாற்றுங்கள்.

எல்லாம் மாட்டியபின் குதித்துப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் பாதி நிரம்பிய தண்ணீர்க் குடுவையாக இருக்கும்; குடித்துத் தீர்த்துவிடுங்கள், இல்லையேல் முழுதாக நிரப்புங்கள்.