அலிகேட்டர் தொகை மாதிரி: கணக்கு எங்கே பிசகுகிறது

அமெரிக்க அலிகேட்டர் என்ற முதலை வகைக்குத் தொகை மாதிரி, அதாவது அதன் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறும் என்று கணிக்கும் கணக்கு, எழுதத் தொடங்குவோரிடம் சில பிசகுகள் விடாமல் வருகின்றன. தட்டச்சுப் பிழை, அலகுப் பிழையை விட்டுவிடுவோம். அவை தாமே வெளிப்பட்டுவிடும்.

எண்ணியதையே தொகை என்பது

இரவில் படகில் போய், விளக்கொளியில் மின்னும் கண்களை எண்ணுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே மாதிரியில் போடுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மூழ்கியிருப்பவையும் புல்லுக்குள் கிடப்பவையும் கணக்கில் வருவதில்லை. சதுப்பில் 1,000 இருந்து, கண்ணில் படும் நிகழ்தகவு 0.12 என்றால் 120 தெரியும். மறு ஆண்டு வறட்சி. நீர் வற்றி எல்லாம் வாய்க்கால்களில் திரள்வதால் நிகழ்தகவு 0.24 ஆகிறது, 240 தெரியும். ஒன்றுகூடப் பெருகவில்லை, மாதிரியோ இரட்டிப்பு என்கிறது. அதை நம்பி வேட்டை ஒதுக்கீட்டை உயர்த்தினால் பறிபோவது முதிர்ந்தவை. முட்டையிடும் அளவான சுமார் 1.8 மீட்டரை எட்டவே பெண்ணுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டு ஆகும் என்பதால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

ஒவ்வொரு முறையும் நீர்மட்டம், நீர் வெப்பநிலையைக் குறியுங்கள். ஒரே பாதையில், சில வாரங்களுக்குள் மூன்று முறையாவது எண்ணி, கண்ணில் படும் நிகழ்தகவு அந்த அளவுகளோடு எப்படி மாறுகிறது என்று மதிப்பிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணினால் போதும் என்பார்கள். மூழ்கிய விலங்கை இருவருமே பார்க்கப்போவதில்லை. அடையாளமிட்ட விலங்குகள் இருந்தால்தான் மூழ்கியிருக்கும் பங்கு தெரியவரும்.

நீளம் தெரியாமல் 'கண் மட்டும்' என்று பதிந்தவற்றை நீக்கவும் கூடாது. படகைக் கண்டதும் மூழ்குபவை பெரும்பாலும் பெரியவை. நீக்கினால் முதிர்ந்த வகுப்பு மெலிந்துவிடும்.

பாதி ஆண், பாதி பெண்

இல்லை. குஞ்சின் பாலினத்தை முட்டையின் அடைகாப்பு வெப்பநிலை தீர்மானிக்கிறது: 30 டிகிரி செல்சியஸில் பெண், 33-இல் பெரும்பாலும் ஆண்.

எல்லாப் பெண்ணும் ஆண்டுதோறும் முட்டையிடும் என்பது

முதிர்ந்த பெண்களின் எண்ணிக்கையை, அவற்றில் அந்த ஆண்டு கூடு கட்டுபவற்றின் விகிதத்தால் பெருக்குங்கள். வெள்ளத்தில் மூழ்கும் கூடுகளையும் கழியுங்கள்.

நான்கே நிலைகள்

குஞ்சு, இளையது, வளர்ந்தது, முதிர்ந்தது என 4×4 அணியில் (எண் அட்டவணையில்) ஆண்டுக்கு ஒரு முறை அடுத்த நிலைக்கு நகர்த்தினால், சில குஞ்சுகள் மூன்றே ஆண்டில் முதிர்ந்துவிடும். வளர்ச்சி வீதம் பொய்யாக உயரும். இளம் பருவத்தை வயதுவாரியாகப் பிரியுங்கள்.

வேட்டைச் சாவை இரு பாலுக்கும் சமமாகப் பகிர்வது

அமெரிக்காவின் லூசியானாவில் வேட்டைப் பருவம் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தொடங்கும். அப்போது கூடு கட்டிய பெண்கள் உட்சதுப்பில் இருக்கும்; ஆழ நீரில் பிடிபடுவதில் ஆண்களே அதிகம். இரு பாலுக்கும் தனித்தனி அணி எழுதுங்கள்.