ட்ரோனுக்கு பாலிசி இருக்கு, கீழே நிற்கிறவருக்கு? நகரத்தில் பறக்கவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தையில் ஒரு கும்பாபிஷேகத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். மூன்று பக்கம் கடைத்தெரு, ஒரு பக்கம் குளம், நடுவில் கோயில். கலசத்தில் நீர் ஊற்றியதும் கருடன் வட்டமிடுகிறதா என்று கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. கருடனைக் காணோம். வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. டேங்கில் மருந்துக்குப் பதில் தீர்த்தம். கோபுரத்தைச் சுற்றி வந்து, ஐந்து மாடி உயரத்திலிருந்து ஜனங்களின் தலையில் தெளித்தது. எல்லோரும் கைகூப்பினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டேங்கை எத்தனை முறை கழுவினார்கள் என்பது தனிக் கவலை.

10 லிட்டர் தண்ணீரோடு அந்த ரக ட்ரோன் 20 கிலோவைத் தாண்டும். 15 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொட 2 விநாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அரிசி மூட்டை ஒன்று அந்த வேகத்தில் தலையில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையிலாவது சுழலும் இறக்கை கிடையாது.

எல்லாம் முடிந்தபின் அதை ஓட்டிய பையனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்ஷூரன்ஸ் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே. வாங்கும்போதே போட்டுக் குடுத்துட்டாங்க."

போனில் பாலிசியைத் திறந்து காட்டினார். பயன்பாடு என்ற கட்டத்தில் விவசாயத் தெளிப்பு என்று இருந்தது, வேறு எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, பாலிசி இருக்கத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு அவர் செய்த வேலைக்கு அது பேசாது.

எட்டு வருஷமாக ட்ரோன் வீடியோ எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பாதுகாப்புச் சாதனமானாலும் சரி, இன்ஷூரன்ஸ் ஆனாலும் சரி, நாம் பண்ணுகிற தப்பு ஒன்றேதான். கையில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இந்த ட்ரோனுக்கு, இந்த ஆளுக்கு, இந்த இடத்துக்கு, இந்த உயரத்துக்கு அது செல்லுமா என்று பார்ப்பதில்லை.

இரண்டு பாலிசி, ஒரே பெயர்

"ட்ரோன் இன்ஷூரன்ஸ்" என்று சொல்லி விற்கப்படுவதில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ட்ரோன் உடைந்தால், திருடுபோனால் பணம் தருவது ஒன்று; தொழிலில் இதை ஹல் என்பார்கள். ட்ரோன் அடுத்தவர் மேல் விழுந்து அடிபட்டாலோ, பொருள் சேதமானாலோ தருவது இன்னொன்று. அதுதான் தேர்டு பார்ட்டி. பைக்குக்கு இருக்கிற அதே கணக்கு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் கட்டாயமாக்கியிருப்பது இரண்டாவதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் தேர்டு பார்ட்டி விதிகளையே தேவையான மாற்றங்களோடு ட்ரோனுக்கும் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் நம் ஆட்கள் பலரும் ஆசையாக எடுப்பது முதலாவதை. மூன்று லட்ச ரூபாய் கேமராவுக்கு மனசு அடித்துக்கொள்கிறது, கீழே நிற்கிற முன்பின் தெரியாதவர் கணக்கில் வருவதில்லை. ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தேர்டு பார்ட்டிக்கு எவ்வளவு தொகை, அது ஒரு விபத்துக்கா, வருஷம் முழுவதற்குமா என்பது. இரண்டாவது கேள்வி, நம் கையிலிருந்து முதலில் எவ்வளவு போடவேண்டும் என்பது. பிரீமியம் எவ்வளவு என்பதை மூன்றாவதாகக் கேட்டால் போதும்.

249 கிராம் மயக்கம்

250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் தேவையில்லை. அதனால்தான் கல்யாண வீடுகளில் 249 கிராம் ட்ரோனுக்கு அவ்வளவு கிராக்கி.

மண்டபத்துக்குள் பறக்கவிடப் போகிறோமே, இறக்கை யார் முகத்திலும் பட்டுவிடக் கூடாதே என்று நல்லெண்ணத்தோடு ப்ரொப் கார்டு, அதாவது இறக்கையைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் வளையம், மாட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் விதி கணக்கில் எடுப்பது ட்ரோன் சுமக்கும் எல்லாம் சேர்ந்த எடை. கார்டு மாட்டிய அந்த நிமிடமே அது 250 கிராமைத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடுகிறது. பெரிய பேட்டரி போட்டாலும் இதே கதை. மைக்ரோ ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் தேர்டு பார்ட்டி பாலிசியும் வேண்டும், பைலட் சான்றிதழும் வேண்டும். பாதுகாப்புக்காக மாட்டிய பிளாஸ்டிக் வளையமே நம்மை விதிமீறலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கார்டைக் கழற்றச் சொல்லவில்லை. மாட்டியபின் சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

இன்னொன்று. கட்டாயமில்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று அர்த்தமாகாது. 249 கிராம் பட்டு ஒரு குழந்தையின் கண் போனால், நஷ்டஈட்டை நம் வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

பாராசூட் கேட்பது உயரம்

"பாராசூட் கட்டியாச்சு, இனி கவலை இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மீட்டரில் பறக்கவிடுகிறீர்கள்? 30 மீட்டரிலிருந்து விழும் பொருளுக்கு இரண்டரை விநாடிதான் ஆயுசு. கோளாறை உணரவேண்டும், மோட்டார் நிற்கவேண்டும், துணி வெளியே வரவேண்டும், காற்று நிறையவேண்டும். எல்லாம் அதற்குள். ஒவ்வொரு பாராசூட்டுக்கும் குறைந்தபட்ச உயரம் என்று ஒன்றைத் தயாரிப்பாளர் சோதித்துச் சொல்லியிருப்பார். ஏ.எஸ்.டி.எம். எஃப்3322 என்ற தரத்தின்படி சோதித்த பாராசூட் என்றால் அந்த எண் ஆவணத்திலேயே இருக்கும். 10 மீட்டரில் மாப்பிள்ளை ஊர்வலம் எடுப்பவருக்கு அது முதுகில் கட்டிய அலங்காரம். அந்த உயரத்தில் காப்பாற்றுவது தூரம் மட்டுமே, அதாவது ஆட்களுக்கு நேர் மேலே பறக்காமல் இருப்பது.

2017 நவம்பரில் ஜப்பானின் ஒகாகி நகரப் பூங்காவில், குழந்தைகளுக்கு வானத்திலிருந்து மிட்டாய் தூவிய ட்ரோன் ஒன்று சுமார் 10 மீட்டரிலிருந்து கூட்டத்தின் மேல் விழுந்து 6 பேர் காயமடைந்தார்கள். மிட்டாயை எடுத்துவிட்டுத் தீர்த்தத்தை வைத்துப் பாருங்கள், நம்ம ஊர்க் காட்சியேதான்.

உயரம் இருந்தாலும் பாராசூட் ஏமாற்றலாம். சுவிட்சர்லாந்தில் மருத்துவப் பரிசோதனை மாதிரிகளை ட்ரோனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2019 ஜனவரியில் ஒன்று சூரிச் ஏரியில் இறங்கியது. அன்று பாராசூட் ஒழுங்காக விரிந்தது. அதே ஆண்டு மே 9 அன்று சூரிச்சிலேயே இன்னொன்று. பாராசூட் விரிந்தது, ஆனால் ட்ரோனையும் அதையும் இணைத்த கயிறு அறுந்தது. ட்ரோன் தனியாகக் கீழே வந்து விழுந்தது, மழலையர் பள்ளிக் குழந்தைகள் இருந்த இடத்திலிருந்து சுமார் 50 மீட்டர் தள்ளி. கயிற்றுக்கு உலோகப் பின்னல் வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக வேண்டும், விழும்போது எச்சரிக்கும் விசில் இன்னும் உரக்கக் கேட்கவேண்டும் என்றெல்லாம் அதன்பிறகு நிபந்தனை வைத்தார்கள். அவ்வளவு பணமும் மூளையும் போட்ட இடத்திலேயே ஒரு கயிறு காலை வாரிவிட்டது. நாம் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வருஷக்கணக்காகப் போட்டுவைத்த பாராசூட்டைப் பிரித்து மடித்து எத்தனை நாளாகிறது?

பாராசூட் வாங்கும்போது மோட்டாரை நிறுத்தும் வசதி அதோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுழல்கிற இறக்கையில் கயிறு சிக்கினால் முடிந்தது. பாராசூட்டுக்குத் தனி பேட்டரி இருக்கவேண்டும். ட்ரோனின் பேட்டரி செத்ததால்தான் விழுகிறது என்றால் அதே பேட்டரியை நம்பிப் பயனில்லை. தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளாத பாராசூட்டை நீங்களாகக் கட்டினால், அதை இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் சேதத்தைப் பார்க்க அவர்களுடைய சர்வேயர் வந்து "மாடலையே மாத்திட்டீங்களே சார்" என்பார்.

மொட்டை மாடியில் தொடங்கும் வம்பு

சிக்னல் போனால் தானாகத் திரும்பி வரும் வசதியை எல்லோரும் கடவுளாக நம்புகிறோம். அது எந்த உயரத்துக்கு ஏறித் திரும்பும் என்பதை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். கிராமத்தில் தென்னந்தோப்புக்காக வைத்த 30 மீட்டரை அப்படியே விட்டுவிட்டு, 15 மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் பறக்கவிட்டால் அது நேராகப் போய் யாருடைய பால்கனியிலாவது இடிக்கும். பந்தலுக்கு அடியில் இருக்கும்போது சிக்னல் போனாலோ, செங்குத்தாக ஏறிக் கீற்றைக் கிழிக்கும்.

தகரக் கூரை, கார் பானட், கம்பி நிறைந்த கான்கிரீட் தளம், இவற்றின் மேலிருந்து கிளப்பினால் திசைகாட்டி குழம்பும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். தரையில் இலை அசையாதபோதும் மாடிக்கு மேலே ட்ரோனைத் தள்ளும். வடசென்னைப் பக்கம் என்றால் காற்றாடி நூலையும் பார்க்கவேண்டும். பருந்துக்கும் காக்கைக்கும் ட்ரோன் பிடிக்காது, அவற்றோடு பஞ்சாயத்து வேண்டாம், இறக்கிவிடுங்கள். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரு தடவை" என்று போடாதீர்கள்.

இதற்கெல்லாம் மிகச்சிறந்த பாதுகாப்புச் சாதனம் எது என்றால், பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கையில் அவர் வானத்தையும் கூட்டத்தையும் பார்ப்பார். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அந்த ஆள்தான்.

வரைபடம் நேற்றையது

அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பார்த்து, 400 அடி வரை பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அது 200 அடிதான். அதற்கும் உள்ளே வந்தால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை மண்டபங்களில் "வாசல்ல மட்டும் ஒரு ஷாட் சார்" என்பதற்கெல்லாம் இடமே இல்லை. வி.ஐ.பி. வருகை, திருவிழா என்றால் காவல்துறை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம், அதாவது சிறப்பு அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத இடம், என்று அறிவிக்க முடியும். போன வாரம் அதே இடத்தில் பறந்தேன் என்பது பதிலாகாது. சட்டவிரோதமாகப் பறந்ததற்குப் பணம் தரமாட்டோம் என்று பாலிசியின் விலக்குகளில் ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

நான் கையெழுத்துப் போட்ட காகிதம்

உபதேசம் செய்கிற நானும் மாட்டியிருக்கிறேன். அடுக்குமாடி ஒன்றுக்கு விளம்பர வீடியோ. தகரக் கூரையிலிருந்துதான் கிளப்பினேன், அதனால்தான் மேலே அப்படி எழுதினேன். ட்ரோன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கீழே நின்ற காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. காருக்குள் யாரும் இல்லை. கடவுள் புண்ணியம்.

பாலிசி இருந்தது, தேர்டு பார்ட்டியோடுதான். ஆனால் ஆறு மாதம் முன்பு சர்வீஸ் சென்டரில் பழைய ட்ரோனை வைத்துக்கொண்டு மாற்று ட்ரோன் கொடுத்திருந்தார்கள். பெட்டி அதே பெட்டி, மாடல் அதே மாடல், சீரியல் நம்பர் வேறு. பாலிசியிலும், யு.ஐ.என். என்கிற அரசின் ட்ரோன் அடையாள எண் பதிவிலும் பழைய நம்பர். சர்வேயர் ட்ரோனைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

அதோடு விடவில்லை நான். கார்க்காரர் கத்திய கத்தலில் பயந்துபோய், "முழுத் தவறும் என்னுடையது, எல்லாச் செலவும் நானே தருகிறேன்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அடிபட்டவர் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அதில் பேச்சே இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ்காரரைக் கேட்காமல் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொள்வதைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. அன்றே அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் பதிவதும் ஓட்டியவரின் கடமை. ட்ரோன் பறந்த விவரம் பதிவாகும் ஃப்ளைட் லாக்கை அழிக்காதீர்கள், மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள், விழுந்த இடத்தில் விழுந்தபடியே நாலு படம் எடுங்கள்.

கண்ணாடிக்கு 26,000 ரூபாய் கைக்காசு போனது. புது சீரியல் நம்பரைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம், வாங்க எவ்வளவு ஆகும் என்று பிறகு ஏஜென்டிடம் கேட்டேன். "ஒரு மெயில் போட்டிருந்தா போதுமே சார்" என்றார்.