டெக்னிக் கார் செட்: கியர்பாக்ஸை மூடும் முன் சோதிப்பது எப்படி (கடைசியில் விலைக் கணக்கு)

இயங்கும் இயந்திர மாதிரிகளைக் கட்டும் லெகோ டெக்னிக்கின் பெரிய கார் செட்களில் கியர்பாக்ஸ் தயாராவது பாதி வேலைக்கு முன்பே. அதன்மேல் சேஸி, இருக்கை, பாடி பேனல் என்று ஏறிக்கொண்டே போகும். எல்லாம் முடிந்தபின் கியர் வரிசை தப்பு என்று தெரிந்தால் கழற்றுவதற்கே ஒரு நாள் போய்விடும். 2016இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் (செட் எண் 42056) இதற்குப் பேர்போனது: கியரை வரிசையாக ஏற்றினால் 1-3-2-4 என்று போகிறது என்பதைப் பலரும் காரை முடித்த பிறகுதான் கவனித்தார்கள். கீழே உள்ள சோதனைக்கு அரைமணி நேரம் போதும். எந்த செட்டுக்கும், சொந்தமாக வடிவமைக்கும் காருக்கும் பொருந்தும்.

தேவையானவை: ஒரு மார்க்கர், கொஞ்சம் மாஸ்கிங் டேப், கைப்பிடி போலச் சுற்ற ஒரு நீள ஆக்சில் (கியர்களைச் செருகும் தண்டு), லெகோ துண்டுகளைக் கழற்றும் ஆரஞ்சு நிறப் பிரிப்பான். பழைய சாம்பல் நிறப் பிரிப்பான் வேண்டாம். ஆரஞ்சு பிரிப்பானில்தான் ஆக்சிலை உள்ளிருந்து தள்ளும் முனை இருக்கிறது, கியர்பாக்ஸ் வேலைக்கு அது இல்லாமல் விரல் நகம்தான் போகும். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைப்பதைத் தவிர அவற்றால் பயன் இல்லை. பெட்டி இறுகுகிறது என்றால் அது பொருத்தியதில் உள்ள பிழை, எண்ணெய் போட்டுத் தீராது.

படி 1: பல்லை எண்ணுங்கள்

16 பல் கியரின் ஆரம் சரியாக 1 ஸ்டட் (லெகோவில் இரண்டு குமிழ்களுக்கு இடையிலான தூரம்), அதாவது 8 மி.மீ. இதை வைத்தே மற்றதெல்லாம் வரும். இரண்டு ஆக்சில்களுக்கு இடையே 2 ஸ்டட் என்றால் ஜோடியின் பற்கள் கூட்டி 32 வரவேண்டும்: 16+16, 8+24, 12+20. 3 ஸ்டட் என்றால் 48: 24+24, 8+40, 20+28, 12+36. கூட்டல் சரியாக வராத ஜோடி ஒன்று இறுகும், இல்லையென்றால் பல் தாண்டும்.

படி 2: கிளட்ச் கியரையும் சாதா கியரையும் பிரித்து வையுங்கள்

கிளட்ச் கியரின் நடுத்துளை வட்டம், அதனால் ஆக்சிலின் மேல் சும்மா சுற்றும். சாதா கியரின் துளை கூட்டல் குறி வடிவம், ஆக்சிலோடு சேர்ந்தே சுற்றும். இரண்டிலும் 16 பல் இருப்பதால் அவசரத்தில் மாறிப்போகும். கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தில் சாதா கியர் போனால், வேறு கியரைப் போட்ட நொடியே பெட்டி பூட்டிக்கொள்ளும்.

டிரைவிங் ரிங் இரண்டு கிளட்ச் கியர்களுக்கு நடுவே ஆக்சிலோடு சுற்றும். இடப்பக்கம் தள்ளினால் ஒரு கியரைப் பிடிக்கும், வலப்பக்கம் தள்ளினால் மற்றதை. நடுவில் நின்றால் நியூட்ரல். 1994இன் சூப்பர் கார் (8880) காலத்து ரிங் 2 ஸ்டட் நீளம், இப்போதைய செட்களில் வருவது 3 ஸ்டட். பழைய உதிரியையும் புதியதையும் கலக்காதீர்கள். லெகோ உதிரிகள் விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கில் வாங்கினால் ரிங், கிளட்ச் கியர், ரிங் ஏறி நிற்கும் இணைப்பான் மூன்றையும் ஒரே தலைமுறையில் வாங்குங்கள்.

‘கிளட்ச்’ என்ற பெயரை நம்பி 24 பல் கியர் ஒன்றை வாங்கிவிடுவோரும் உண்டு. மேலே 2.5·5 என்று அச்சிட்டிருக்கும். அது சுமை மிஞ்சினால் வழுக்கிவிடும் பாதுகாப்பு கியர், கியர் மாற்ற உதவாது.

படி 3: நியூட்ரலில் சுற்றிப் பாருங்கள்

எல்லா ரிங்கையும் நடுவில் நிறுத்தி, உள்ளீட்டு ஆக்சிலை இரண்டு விரலால் உருட்டுங்கள். தங்குதடையின்றிச் சுற்றவேண்டும். இறுகினால் முதலில் புஷ்களை (ஆக்சிலில் துண்டுகள் நகராமல் பிடிக்கும் சிறு வளையங்கள்) பாருங்கள். புஷ்ஷை பீமோடு (ஆக்சில் நுழையும் துளைச் சட்டம்) ஒட்ட அழுத்தியிருப்பீர்கள். ஒவ்வொரு ஆக்சிலையும் நீளவாக்கில் ஆட்டினால் ஒரு தாள் கனத்துக்காவது அசையவேண்டும். அசைந்தும் இறுகுகிறது என்றால் ஆக்சிலை வெளியே எடுத்து மேசையில் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரிந்துவிடும்.

படி 4: செலக்டர் திசை

பெரும்பாலான பெட்டிகள் கெடுவது இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம்.

நான்கு கியர் வரிசைப் பெட்டியில் இரண்டு ரிங், ஒவ்வொன்றுக்கும் அதைத் தள்ளும் ஒரு சுழலும் துண்டு, அதாவது செலக்டர். நெம்புகோலை ஒருமுறை சொடுக்கினால் இரண்டு செலக்டரும் 90 டிகிரி திரும்பும். ஒரு முழுச் சுற்றில் ஒரு செலக்டர் தன் ரிங்கை இடம், நடு, வலம், நடு என்று தள்ளும். இரண்டாவது செலக்டர் முதலாவதிலிருந்து 90 டிகிரி விலகி இருப்பதால், முதல் ரிங் நடுவில் நிற்கும்போது இரண்டாம் ரிங் கியரைப் பிடித்திருக்கும். ஆக நான்கு சொடுக்குக்கு நான்கு கியர்: முதல் ரிங் இடம், இரண்டாம் ரிங் இடம், முதல் ரிங் வலம், இரண்டாம் ரிங் வலம்.

ஆக்சில் கூட்டல் குறி வடிவம் என்பதால் செலக்டரை அதில் நான்கு விதமாகச் செருகலாம். ஒன்றுதான் சரி. 90 டிகிரி தப்பினால் இரண்டு ரிங்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும், அடுத்த சொடுக்கில் இரண்டும் ஒரே நேரத்தில் விடும். பூட்டு, நியூட்ரல், பூட்டு, நியூட்ரல் என்று மாறி மாறி வந்தால் காரணம் இதுதான், வேறு எதையும் கழற்றவேண்டாம். 180 டிகிரி தப்பினால் பெட்டி சுகமாகச் சுற்றும், ஆனால் வரிசை 1-4-3-2 ஆகிவிடும். கையால் சுற்றும்போது எதுவும் உறுத்தாது என்பதால் கண்டுபிடிப்பது கடினம்.

1-3-2-4 வருவது செலக்டரால் அல்ல. மேலே சொன்ன வரிசையை மறுபடி பாருங்கள்: ரிங்குகள் மாறி மாறிப் பிடிக்கின்றன. எனவே முதல் ரிங்கின் இருபுறமும் 1ஆம், 3ஆம் கியர்களும், இரண்டாம் ரிங்கின் இருபுறமும் 2ஆம், 4ஆம் கியர்களும் இருக்கவேண்டும். நிஜக் காரின் ஹெச் வடிவ கியரை மனதில் வைத்து 1-2ஐ ஒரு ரிங்கிலும் 3-4ஐ மற்றதிலும் வைத்தால் 1-3-2-4தான் வரும். சொந்தமாக வடிவமைப்பவர்கள் அதிகம் விழும் குழி இது.

செருகும் முன் இரண்டு செலக்டரின் முனையிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளின் திசையைக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்ட பிறகே மேல் பீமைப் பூட்டுங்கள்.

படி 5: பத்துச் சுற்று எண்ணிக்கை

இந்தக் கார்களில் சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. ஆகவே கியர் ஏற ஏற, அதே சக்கரச் சுற்றுக்கு பிஸ்டன்கள் குறைவாக ஆடவேண்டும். சக்கரப் பக்க ஆக்சிலிலும் என்ஜின் பக்க ஆக்சிலிலும் டேப்பைக் கொடி போல ஒட்டுங்கள். சக்கரப் பக்கத்தைப் பத்துச் சுற்று சுற்றி, மறுபக்கக் கொடியை எண்ணி எழுதுங்கள். ஒரு சுற்று மட்டும் சுற்றினால் 1.4க்கும் 1.7க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பத்து.

உதாரணமாக ஜோடிகள் 20:12, 16:16, 20:28, 12:20 என்றால் பத்துச் சுற்றுக்கு ஏறக்குறைய 17, 10, 7, 6 வரும். 17, 7, 10, 6 வந்தால் கியர்கள் தப்பான ரிங்கில் இருக்கின்றன. 17, 6, 7, 10 வந்தால் செலக்டர் 180 டிகிரி தப்பு. உங்கள் செட்டில் எண்கள் வேறாக இருக்கலாம். இறங்குமுகமாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

பின்சேர்க்கை: எண்ணிக்கை எதிர்பார்த்ததில் சரிபாதியாக வந்தால், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) பொருத்திய பிறகு ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுற்றியிருப்பீர்கள். அப்போது டிஃபரன்ஷியல் கூடு பாதிச் சுற்றுதான் சுற்றும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றுங்கள், அல்லது கூட்டையே சுற்றுங்கள்.

விலை

பெட்டி விலையைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்து ‘மலிவு’ என்பது வழக்கம். அமெரிக்க அறிமுக விலைகளைப் பாருங்கள். போர்ஷே (42056, 2016): 2704 துண்டு, 299.99 டாலர், துண்டுக்கு 11.1 சென்ட். புகாட்டி சிரோன் (42083, 2018): 3599 துண்டு, 349.99 டாலர், 9.7 சென்ட். லம்போர்கினி சியான் (42115, 2020): 3696 துண்டு, 379.99 டாலர், 10.3 சென்ட். ஃபெராரி டேடோனா எஸ்பி3 (42143, 2022): 3778 துண்டு, 399.99 டாலர், 10.6 சென்ட். மெக்லாரன் பி1 (42172, 2024): 3893 துண்டு, 449.99 டாலர், 11.6 சென்ட்.

இந்தக் கணக்கு கியர்பாக்ஸைப் பற்றி எதுவும் சொல்லாது. துண்டுகளில் கணிசமான பங்கு, துண்டுகளை இணைக்கும் சிறு பின்கள். சிரோனுக்கும் சியானுக்கும் டேடோனாவுக்கும் 8 கியர், பி1க்கு 7தான், விலையோ பி1க்கே அதிகம். கியர்பாக்ஸே இல்லாத ஃபோர்டு ஜிடி (42154, 2022) 1466 துண்டு, 119.99 டாலர், அதாவது துண்டுக்கு 8.2 சென்ட். அலமாரியில் வைக்க மட்டும் என்றால் அந்த அறிமுக விலைக்கு அதுவே நல்ல பேரம். கியர்பாக்ஸ் கற்க வேண்டும் என்றால் பெரிய செட்டே வேண்டாம்: நான்கு கிளட்ச் கியர், இரண்டு ரிங், இரண்டு செலக்டர், சில பீம், ஆக்சில் என்று உதிரியாக வாங்கி மேசைமேல் ஒரு பெட்டி கட்டுங்கள். செலவு சொற்பம், கற்பது அதே அளவு.

பழைய செட்டைக் கைமாற்றாக வாங்குபவர்கள், விற்பவரிடம் துண்டுப் பட்டியல் கேட்பதோடு நிற்காமல், எல்லா கியரையும் ஒவ்வொன்றாக மாற்றி சக்கரத்தைச் சுற்றும் வீடியோவும் கேளுங்கள். பிஸ்டன் வேகம் படிப்படியாகக் குறைகிறதா என்று அதிலேயே தெரியும். குறையாவிட்டால், பிரித்துக் கட்டும் உழைப்பை விலையில் கழித்துக் கேளுங்கள்.