வயல்வெளிப் பாதுகாப்பை நடுநிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பிக்கும் முறை

விவசாயக் குடும்பங்களிலிருந்து வரும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாதுகாப்பைக் கற்பிக்க முனையும் ஆசிரியர், வயலைப் பற்றித் தம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். ஆகவே முதல் வகுப்பில் எதையும் சொல்லித்தராமல், வீட்டிலிருந்து வயல் வரை செல்லும் வழியை வரையச் சொல்லுங்கள். கிணறு, மோட்டார் கொட்டகை, மருந்து டப்பா வைக்கும் இடம், மூடாத ஆழ்துளைக் கிணறு, தாழத் தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைக் குறித்த பின், தாம் எப்போதாவது பயந்துபோன இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி வைக்கட்டும். அந்தப் புள்ளிகள்தாம் உங்கள் பாடத்திட்டம்.

இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணெதிரே தம்பி மூழ்கினால் யோசிக்காமல் குதித்துவிடுவார்கள். அதனால், ஆபத்தை எப்படி நெருங்காமல் இருப்பது என்பதோடு, ஆபத்தில் சிக்கியவரை நெருங்காமல் எப்படிக் காப்பது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். மூடியிட்ட ஐந்து லிட்டர் காலி கேனில் கயிற்றைக் கட்டி, குறி பார்த்து விழுவதற்காகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பள்ளி மைதானத்தில் வீசிப் பழகச் செய்யுங்கள். பத்து முறை வீசிய கை, பதற்றத்திலும் குதிப்பதற்கு முன் கயிற்றைத் தேடும்.

பாழுங்கிணற்றின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதைச் செய்துதான் காட்ட வேண்டும். உயரமான பாத்திரத்தின் அடியில் சிறிய மெழுகுவர்த்தியை ஏற்றி, அதைச் சுற்றிச் சமையல் சோடாவைத் தூவி, சுடரில் படாமல் ஓரமாக வினிகரை ஊற்றினால், காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கிச் சுடரை அணைத்துவிடும். உள்ளே இறங்கியவர் மயங்கினால், அவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே மயங்குவார் என்பது அப்போது விளங்கும். ஆனால், கிணற்றுக்குள் இறக்கிய விளக்கு அணையாமல் எரிந்தாலே கிணறு பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். வேறு நச்சுவாயுக்களும் உண்டு.

மின்சாரத்துக்கும் இதே விதிதான்: அடிபட்டவரைத் தொடாமல் மெயினை அணைக்க வேண்டும், ஈர வயலில் அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கமே போகக் கூடாது. டிராக்டரோடு இணைத்த கருவிகளை இயக்க அதன் பின்புறம் சுழலும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுகள் சுழல்கிறது; அதாவது ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது சுற்று. துப்பட்டாவோ லுங்கியின் நுனியோ சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரமிருக்காது என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும். மட்கார்டில் உட்கார்ந்து போவதை அப்பாக்களே அனுமதிப்பதால், இந்த ஒரு பாடத்துக்காவது பெற்றோரையும் அழையுங்கள்.

பூச்சிமருந்து டப்பாவின் மேலுள்ள முக்கோணத்தில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், அடுத்தடுத்துக் குறையும் நஞ்சை மஞ்சள், நீலம், பச்சையும் குறிக்கின்றன. பச்சையும் நஞ்சுதான் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மேலே சிந்தினால் உடையைக் களைந்து சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மருத்துவமனைக்கு டப்பாவின் லேபிளையும் கொண்டுபோக வேண்டும்.

கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாக இல்லாமலிருக்கலாம். ஆகவே வலியில்லை என்று காத்திருக்கக் கூடாது. கீறுவதும், இறுகக் கட்டுவதும், பாம்பைத் துரத்துவதும் வேண்டாம்.

தனியாக வயலுக்குப் போகும் பிள்ளைகளிடம் யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டால், அது பிள்ளையின் தவறல்ல என்பதையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் தனி வகுப்பில் அமைதியாகச் சொல்லுங்கள்.

கடைசி வகுப்பை 108-ஐ அழைத்துப் பேசும் ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். வயலுக்குக் கதவு எண் கிடையாது. ஊர், ஒன்றியம், அருகிலுள்ள கோயில் அல்லது தண்ணீர்த்தொட்டி, வண்டி எதுவரை வரும், அங்கிருந்து எந்த வரப்பு என்ற வரிசையில், முதல் நாள் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் வழி சொல்லட்டும்.