லூப்பில் மாறியை எந்த இடத்தில் அறிவிப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கரைக்கு வந்த விசைப்படகுகளின் மீன்பாட்டைக் கூட்டிச் சொல்லும் ஒரு சிறிய நிரலை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் லூப், படகு ஒன்றுக்கு ஒரு சுற்று என ஓடுகிறது. மூன்று படகுகளின் எடை 420, 350, 580 கிலோ. ‘மொத்தம்’ என்ற மாறியை, அதாவது மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரை, லூப்புக்கு மேலே பூஜ்யமாக அறிவித்துவிட்டு, உள்ளே ஒவ்வோர் எடையையும் அதனுடன் கூட்டினால் 1350 கிடைக்கும். அந்த அறிவிப்பு வரியையே லூப்புக்குள் எழுதிவிட்டாலோ, ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் மறுபடியும் பூஜ்யமாகி, கடைசிப் படகின் 580 மட்டுமே எஞ்சும்.

இதன் பிறகு நடப்பது மொழிக்கு மொழி மாறும். ஜாவாவில் கர்லி பிராக்கெட்டுக்குள் அறிவித்த மாறிக்கு அதற்கு வெளியே உயிர் இல்லை என்பதால், லூப் முடிந்தபின் அதை அச்சிட முயன்றால் நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே தடுத்துவிடும். பைத்தானில் லூப்புக்கெனத் தனி ஸ்கோப் (மாறி செல்லுபடியாகும் எல்லை) கிடையாது. ஆகவே அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 580 என்று அச்சிடும். இரண்டில் இதுவே அபாயமானது என்பேன், ஏனெனில் பிழைச்செய்தி வராத கணக்கை யாரும் திரும்பச் சரிபார்ப்பதில்லை.

லூப்புக்குள் லூப் வரும்போது இன்னும் நிதானம் வேண்டும். மண்டபத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டிலும் படகுகள் உண்டு. வெளி லூப் கடலுக்கு ஒரு முறையும், உள் லூப் படகுக்கு ஒரு முறையும் சுற்றட்டும். ஒவ்வொரு மாறிக்கும், ‘இந்த மதிப்பு எப்போது புதிதாகத் தொடங்க வேண்டும்?’ என்று கேளுங்கள். நாள் மொத்தம் ஒரே முறை தொடங்குவதால் இரண்டு லூப்புக்கும் வெளியே இருக்க வேண்டும். கடல் மொத்தம் கடல் மாறும்போதெல்லாம் தொடங்குவதால் வெளி லூப்புக்குள்ளே, உள் லூப்புக்கு முன்னே இருக்க வேண்டும். படகின் எடை உள் லூப்புக்குள்ளேயே இருக்கலாம். கடல் மொத்தத்தை வெளியே வைத்துவிட்டால், வடகடலின் 1350 கிலோவும் தென்கடல் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டில் ‘வார்’ (var) என்று அறிவித்த மாறி ஃபங்ஷன் முழுவதற்கும் ஒன்றுதான். அதனால் 0, 1, 2 என எண்ணும் லூப்பில் ஒவ்வொரு படகுக்கும், வேலையைச் சற்றுப் பிறகு செய்யவைக்கும் செட்டைம்அவுட் வைத்து எண்ணை அச்சிடச் சொன்னால், அச்சிடுவதற்குள் லூப் முடிந்து எண் 3 ஆகிவிடுவதால், மூன்று முறையும் 3 என்றே வரும். 2015இல் வந்த ‘லெட்’ (let) சுற்றுக்கொரு புதிய மாறியைத் தருவதால் 0, 1, 2 எனச் சரியாக வரும். கோ மொழியும் 2024இல் 1.22 பதிப்பில் இதே வழிக்கு மாறியது.

எழுதிய நிரலை வெற்றுப் பட்டியல் கொடுத்தும் சோதியுங்கள். இது கற்பனைச் சூழல் அல்ல: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, பட்டியலும் காலியாகவே இருக்கும். மொத்தத்தை லூப்புக்குள் அறிவித்த பைத்தான் நிரலில் அந்த வரி ஒரு முறைகூட ஓடாததால், அச்சிடும் இடத்தில் ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்னும் நேம்எரர் வந்து நிரல் நின்றுவிடும். லூப்புக்கு மேலே அறிவித்திருந்தால் பூஜ்யம் என்று அச்சிடும்.