குழந்தைக்கு கதை சொல்றப்ப நாம பண்ற தப்புங்க

கேரளாவுல, தமிழ்நாட்டு எல்லைய ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க வீட்ல ராத்திரி கதைன்னா ஒரே ரூல்தான், கேக்கற குழந்தை "உம்" கொட்டணும். உம் நின்னா அம்மிச்சி, அதாவது பாட்டி, சொல்ற கதையும் நின்னுரும், தூங்கிருச்சா, பயந்துருச்சா, புரியலையான்னு மொகத்த பாத்துட்டுதான் அடுத்த வரிக்கே போவாங்க. அதனால கதை வீடியோவ போட்டு போன கைல குடுத்துட்டு, புள்ள கதை கேக்குதுன்னு நெனச்சுக்காதீங்க. போன் யாரோட உம்முக்கும் காத்திருக்காது.

அடுத்தது நான் பண்ணுன தப்பு. பொண்ணு படிக்கறது மலையாளம் மீடியம். ஒருநாள் அவளே கதை சொல்ல வந்தா, நடுவுல நரிக்கு "குறுக்கன்"னு சொல்லிட்டா, நான் உடனே "நரின்னு சொல்லு"ன்னு திருத்துனேன். அவ்ளோதான், வாய மூடிட்டா, அன்னைக்கு கதையே போச்சு. பாலக்காட்டு பகவதி கோயில் தோல்பாவைக்கூத்துல வரிசையா 21 வெளக்கு வெச்சு, கம்பராமாயணப் பாட்ட தமிழ்லயே பாடி, மலையாளமும் கலந்து வெளக்கம் சொல்றாங்க, விடிய விடிய போகும். ரெண்டு பாஷையும் கலந்து கதை சொல்ற ஊருங்க இது, குழந்தை கலந்து சொன்னா என்ன? சொல்லி முடிக்கட்டும், அப்புறமா நாம ஒரு கதை சொல்றப்ப நரிங்கற வார்த்தைய நாலு தடவ போட்டா தானா வந்துரும்.

நேத்து சொன்ன கதையே வேணும்னு கேட்டா சலிச்சுக்காதீங்க. அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு காத்திருக்கறதுல அதுங்களுக்கு அவ்ளோ சந்தோசம், வார்த்தையும் அப்படி கேட்டு கேட்டுதான் மனசுல நிக்கும். நமக்கு தூக்கம் வருதுன்னு கதைய நடுவுல முழுங்கவும் வேண்டாம், கண்டுபுடிச்சுரும்.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, கதை முடிஞ்ச உடனே "இதுல இருந்து என்ன தெரிஞ்சுகிட்ட?"ன்னு பரிச்சை வெக்கறது. கதைய அசை போட்டுட்டு இருக்கற குழந்தைக்கு அதோட பாதை அடைஞ்சுரும். வடை சுட்ட பாட்டி கதை முடிஞ்சதும் நானும் "யாரு பொகழ்ந்தாலும் ஏமாறக்கூடாது"ன்னு ஆரம்பிச்சேன். பொண்ணு அத காதுலயே வாங்கல, "அப்புறம் காக்கா பசிக்கு என்ன தின்னுச்சு?"ன்னா. இத்தன வருசத்துல எனக்கு அது தோணவே இல்ல. அம்மிச்சி என்னை கைய காட்டி நிறுத்திட்டு, "நீயே சொல்லு கண்ணு"ன்னாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சா. "வேலந்தாவளம் டீக்கடைக்கு பறந்து போச்சு, அங்க ஒரு சேட்டன் பழம்பொரி போட்டுட்டு இருந்தாரு"ன்னு ஆரம்பிச்சா. அம்மிச்சி "உம்"னாங்க.