வெளியே திரியும் பூனைக்கு அதே நோய் திரும்பத் திரும்ப வந்தால்

வெளியே திரிகிற பூனைக்கு ஒரே தொந்தரவு மூன்றாம் முறை வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் நாட்களை எண்ணுங்கள். போன தடவை குணமாகி எத்தனை நாளில் திரும்பியது என்பது தெரிந்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். காலண்டரிலேயே குறித்து வையுங்கள்: தேதி, உடம்பில் எந்த இடம், கொடுத்த மருந்து, எடை. எடை பார்க்க, பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். 4 கிலோ பூனை 400 கிராம் குறைந்திருந்தால் அது பத்து சதவீதம். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, ரோமம் மறைத்துவிடும்.

மலவாய் அருகே அரிசி போல ஒட்டியிருக்கும் நாடாப்புழுத் துண்டுகள், புழு மருந்து கொடுத்த இரண்டு மூன்று வாரத்திலேயே மறுபடி தெரிகின்றனவா? மருந்தைக் குறை சொல்லாதீர்கள். முதலில் அதில் பிராசிக்வாண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். பைரண்டல் மட்டும் உள்ள மருந்து உருண்டைப்புழுவுக்குத்தான், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. சரியான மருந்து கொடுத்தும் திரும்பினால் காரணம் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. பூனை நக்கும்போது தெள்ளை விழுங்குகிறது, அதற்குள் இருக்கும் நாடாப்புழுவின் இளம் பருவம் குடலில் வளர்ந்துவிடுகிறது. (எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு வேறொரு வகை நாடாப்புழு அந்த வழியிலும் வரும்.)

தெள்ளு கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வாலடி முதுகை நெருக்கமான பல் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த இரத்தம், அதாவது தெள்ளின் எச்சம். முட்டைகள் பூனை மேல் தங்குவதில்லை. அது படுக்கும் இடத்தில் உதிர்ந்து விடும். கூட்டுப்புழுவுக்கு எந்தத் தெளிப்பானும் எட்டாது, அது மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் பூனைக்கான சொட்டு மருந்தை மாதம் ஒன்றாக, குறைந்தது 3 மாதம், வீட்டில் உள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும் போட வேண்டும். படுக்கைத் துணியை வாரந்தோறும் சுடுநீரில் துவைக்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் திடீரென்று தெள்ளு கூடியது போலத் தெரியும். அவை கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்தவை, மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நாய்க்கான சொட்டு மருந்து மட்டும் கூடவே கூடாது. அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொன்றுவிடும்.

காதில் காபித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு திரும்புவதும் இதே கதைதான். காதுச் சிற்றுண்ணி முட்டையிலிருந்து வளர்ந்து முடிக்கச் சுமார் 3 வாரம் எடுக்கும். அரிப்பு நின்றதும் சொட்டு மருந்தை நிறுத்தினால் முட்டைகள் தப்பிவிடும்.

சீழ்க்கட்டி வேறு ரகம். பூனைப் பல் ஊசி போல இறங்கும், மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். சண்டை நடந்து 2 முதல் 5 நாளில் வீக்கமும் காய்ச்சலும் வரும். கன்னம், முன்னங்கால், வாலடி ஆகிய இடங்களில் ரோமத்தை எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள். சின்னப் பொருக்கு ஒன்று விரலில் தட்டுப்படும். பிதுக்காதீர்கள். தானே உடைந்திருந்தால், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு சமமான தேக்கரண்டி உப்பு கரைத்து, நாளுக்கு இருமுறை துடைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். தினமும் மாத்திரை கொடுக்கப் பிடிபடாத பூனை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருமுறை போட்டால் 14 நாள் வரை வேலை செய்யும் செஃபோவெசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி உண்டு. கருத்தடை செய்யாத கடுவனுக்கு எத்தனை ஊசி போட்டாலும் அடுத்த சண்டையில் அடுத்த கட்டிதான். கடிபடும் பூனைக்கு எஃப்.ஐ.வி. (நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் பூனை வைரஸ்), எஃப்.இ.எல்.வி. (பூனை இரத்தப்புற்று வைரஸ்) பரிசோதனையும் தேவை. எஃப்.ஐ.வி. எதிர்ப்பொருள் உருவாக நாளாகும் என்பதால், கடிபட்டு 60 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தும்மலும் கண்ணீரும் அடிக்கடி வந்தால் பெரும்பாலும் ஹெர்பெஸ் வைரஸ். அது உடம்பை விட்டுப் போகாது. இட மாற்றம், புதுப் பூனை என ஏதாவது நெருக்கடி வந்து ஒரு வாரம் போல ஆனதும் தலைதூக்கும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தால் வெறுமனே திணிக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்; ஊசியில்லா சிரிஞ்சில் 5 மி.லி. நீர் உடனே கொடுங்கள். பாராசிட்டமால் ஒரு துண்டுகூட வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் இந்தக் காலண்டர் கணக்கெல்லாம் உதவாது. வழி அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போகும், இரவானாலும் கிளம்புங்கள். வெளியே போய்விட்டு வருகிற பூனையிடம் இதைக் கவனிப்பதே கஷ்டம். சந்தேகம் வந்த அன்றே ஓர் அறையில் மணல் தட்டோடு அடைத்து வையுங்கள்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள்.